அழுக்காகாத தண்ணீர்

மீனுக்குத் தீனி போட வேண்டியதில்லை என்பதுதான் அந்த மென்பொருளில் எனக்கு முதலில் பிடித்த விஷயம். இதற்குப் பெரிய காரணம் எதையும் தேட வேண்டாம் சார். கடை கண்ணி என்று அலைகிற எவனுக்கும் பிடிக்கக்கூடியதுதான்.

என் அத்தா, அதாவது என் தகப்பனார், படுத்திருந்த அறையிலிருந்து கம்ப்யூட்டரை நீங்கள் கழற்றிக்கொண்டு வந்தபோது, "சீக்காளி ரூம்ல கம்ப்யூட்டரு எதுக்குய்யா?" என்று உங்கள் ஏட்டு கேட்டார். உங்களுக்கும் அதே சந்தேகம் இருப்பது முகத்தில் தெரிகிறது, ஜெரோம் சார். ஆரம்பத்திலிருந்து சொன்னால்தான் புரியும். நான் எதையும் மறைக்கப்போவதில்லை. மறைத்துவைத்தால் உள்ளே கிடந்து நாறும். எனக்கு நாற்றம் ஆகாது.

பேகம்பூரில் கம்ப்யூட்டர் விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். ஹாமித் என்றால் அந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். வீட்டில் ஒரு காலத்தில் உண்மையான மீன்தொட்டியே இருந்தது. என் மனைவி ரஃபியா ஆசைப்பட்டாள் என்று வாங்கினேன். கடையில் பார்க்கும்போது அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் கண்ணாடியில் பச்சையாக, வழவழவென்று ஒன்று படிந்தது. மீன்கள் பின்னால் நூல் நூலாக இழுத்துக்கொண்டே நீந்தின. அந்த நூல் அறுந்து விழும். இன்னொரு மீன் வந்து அதை வாயில் போட்டுப் பார்த்துத் துப்பும். அதே தண்ணீரைத்தான் எல்லாம் குடிக்கின்றன, அதிலேயேதான் மூச்சும் விடுகின்றன. சோற்றுத் தட்டோடு அதன் எதிரில் உட்கார்ந்தவன் ஒருநாள் எழுந்துபோய் வாந்தி எடுத்தேன்.

பிறகு ஒரு காலையில், செத்து மிதந்த மீனின் கண்ணை மற்ற மீன்கள் கொத்தித் தின்றுகொண்டிருந்தன. தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் சாக்கடையில் கவிழ்த்தேன்.

"உசுரோட இருந்ததயும் சேத்தா ஊத்துனீங்க?" என்று ரஃபியா கேட்டாள்.

சாக்கடையில் கொஞ்ச நேரம் துள்ளின. பிறகு துள்ளவில்லை. தொட்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைத்தேன். காலித் தொட்டி எவ்வளவு அழகாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

அதற்கப்புறம்தான் அந்த மீன்தொட்டி மென்பொருள் கண்ணில் பட்டது. வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டால் திரை முழுக்கத் தண்ணீர். ஆரஞ்சு மீன், நீல மீன், வரி போட்ட மீன், கீழிருந்து மேலே போகும் குமிழ்கள். குமிழ்களின் சத்தம்கூட உண்டு. என் வாடிக்கையாளர்கள் பல பேருக்கு அதைப் போட்டுக் கொடுத்தேன். பல் டாக்டர் ஒருவர் வாங்கினார். பழனியில் இரண்டு மூன்று லாட்ஜுகளில் முன்னறை டிவியில் போட்டேன். சாமி கும்பிட்டுவிட்டு மொட்டைத் தலையோடு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அங்கே சாவி கொடுக்கிற அம்மா, "ஏனுங்க, இதுக்குத் தண்ணி மாத்த வேண்டாங்களா?" என்று கேட்டது. வேண்டாம் என்றேன். "அட, கொடுத்து வெச்ச மீனுங்க" என்றது. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு விஷயம் முக்கியம், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மென்பொருளில் பசி என்று ஒரு பொத்தான் உண்டு. அது போட்டிருந்தால் சுட்டியைத் தட்டித் தீனி தூவ வேண்டும். மறந்தால் மீன் மெலியும், நிறம் வெளுக்கும், கடைசியில் மல்லாந்து மிதக்கும். பழனி வேலைக்குப் போய்விட்டு வந்த ஒருமுறை அப்படித்தான் ஆனது. திரையில்தான் என்றாலும், அந்த வெளுத்த வயிற்றைப் பார்த்ததும் எனக்குக் குமட்டியது. பொத்தானை அணைத்துவிட்டேன். அன்றிலிருந்து மீன்கள் தின்னவுமில்லை, கழியவுமில்லை, சாகவுமில்லை. படைக்கும்போதே இப்படிப் படைத்திருந்தால் என்ன குறைந்துபோகும் என்று தோன்றியது.

இப்போது அத்தாவைப் பற்றி.

என் அத்தா அப்துல் ஜப்பார் காலமெல்லாம் தோல் பதனிடும் இடத்தில் மேஸ்திரியாக இருந்தவர். சுண்ணாம்பில் ஊறிய ஆட்டுத்தோலிலிருந்து மயிரும் கொழுப்பும் வழித்தெடுப்பார்கள். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் அவர் மேலிருந்து அந்த வாடை போகாது. அதோடுதான் எங்களைத் தூக்கிக் கொஞ்சுவார். என் தங்கச்சி பாஸிலா கழுத்தைக் கட்டிக்கொள்வாள். நான் மூச்சை அடக்கிக்கொள்வேன். குறை சொல்லவில்லை. அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் படித்தேன், கடையும் வைத்தேன். ஆனால் மூக்குக்கு அதெல்லாம் தெரியாதே.

போன வருஷம் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கையும் காலும் பேச்சும் போயின. இடது கை அசையும். கண் நன்றாகத் தெரியும். கொடுத்தால் விழுங்குவார். அம்மா முன்பே போய்விட்டதால் எல்லாம் ரஃபியா தலையில் விழுந்தது. அவள் முகம் கோணாமல் செய்தாள். அள்ளினாள், துடைத்தாள், புரட்டிப் போட்டாள். அந்தக் கையால்தான் எனக்குச் சோறு வைப்பாள். கழுவிவிட்டுத்தான் வைப்பாள், அதைச் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் நான் வெளியில் சாப்பிட ஆரம்பித்தேன்.

அவள் உண்டாகியிருந்தாள். மாதம் நெருங்கியதும் எரியோட்டுக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் பிள்ளைப்பேறுக்குப் போய்விட்டாள். அத்தாவைப் பார்த்துக்கொள்ள முத்துப்பேச்சி என்கிற அம்மாளை வைத்தேன். பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவாள். நல்ல பொம்பளை. தொல்லையும் அதுதான். கேப்பைக் கூழ், மோர், இளநீர், குழையப் பிசைந்த சோறு என்று ஒன்று மாற்றி ஒன்று கொடுத்துக்கொண்டே இருப்பாள். அத்தாவுக்கு ஒரு பக்க உதடு தொங்கியதால் பாதி தாடியில் வழியும். அதை வழித்து மறுபடி வாய்க்குள்ளேயே ஊட்டுவாள்.

"பெரியவரு நல்லா சாப்புடுறாரு பாய். இன்னங்கொஞ்ச நாள்ல எந்திரிச்சு ஒக்காந்துருவாரு பாருங்க" என்பாள்.

எந்திரித்து உட்காரவில்லை. வந்தது வேறு. வீட்டுக்குள் காலை வைத்ததும் மூக்கில் அடிக்கும். விரிப்பு, மெத்தை, அவர் தொடை, சுவர் ஓரம்வரை. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். பிடித்துவைத்த தண்ணீர் அவ்வளவும் அவர் விரிப்பை அலசவே போனது. நான் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். உங்களுக்கு வீட்டில் படுத்த படுக்கையாக யாரும் இருந்திருக்கிறார்களா என்று தெரியவில்லை. இருந்திருந்தால் பாதி சொல்லவே வேண்டாம்.

ஒரு சாயங்காலம் கடைக் கம்ப்யூட்டரில் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு எளிமையான ஒன்று விளங்கியது. உள்ளே போவதுதான் வெளியே வருகிறது. முத்துப்பேச்சியைத் திட்டிப் பயனில்லை, அத்தா மேல் கோபப்பட்டும் பயனில்லை. ஆரம்பத்தைச் சரிசெய்தால் முடிவு தானாகச் சரியாகிவிடும். பழுது பார்க்கிறவனுக்கு இப்படித்தான் யோசிக்க வரும்.

அப்போது ரமலான் பிறை தெரிந்தது. இதை நான் திட்டமிட்டேன் என்று எழுதாதீர்கள். அமைந்தது, அவ்வளவுதான். முத்துப்பேச்சிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்து, நோன்பு மாதத்தில் பெற்றவரை நானே பார்ப்பது நன்மை என்று சொல்லி அனுப்பினேன். போகும்போது அவள் கட்டில் பக்கம் நின்று, "ஒதடு காயாம பாத்துக்கங்க பாய். செத்த நேரத்துக்கு ஒருக்கா தண்ணி நனச்சு விடுங்க, பாவம் கேக்கத் தெரியாது" என்றாள். சரி என்றேன்.

அந்த நோன்பு மாதத்தில் அந்த வீட்டை நான் எப்படி வைத்திருந்தேன் என்று வந்து பார்த்தவர்கள் சொல்வார்கள். முதலில் சோற்றை நிறுத்தினேன். பிறகு கூழ். பிறகு மோரும் இளநீரும். ஒரேயடியாக இல்லை. நான் முரடன் கிடையாது. அவரை ஒருநாள் அடித்ததில்லை, ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னதில்லை. ஒவ்வொன்றாகக் குறைக்கக் குறைக்க விரிப்பு சுத்தமாகிக்கொண்டே வந்தது. துண்டைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நடந்தேன். ஜன்னலோரம் ஊதுபத்தி கொளுத்தினால் ஊதுபத்தி மணமே வந்தது. அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் வீட்டுக் கம்ப்யூட்டரை அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு வைத்தேன். நாளெல்லாம் விட்டத்தையே பார்த்துக்கொண்டு கிடப்பவருக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா. மீன்களை ஓடவிட்டுக் கடைக்குப் போவேன். திரும்பி வரும்போதும் அதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணே எடுக்க மாட்டார். அவருக்கும் பிடித்துப்போய்விட்டது என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். சின்ன வயதிலிருந்து எனக்கும் அவருக்கும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

நீங்கள் கேட்டது, யாரும் பார்க்கவில்லையா என்று. எல்லாரும் வந்தார்கள் சார். பகல் தொழுகை முடிந்து ஜமாத்தில் பலர் வந்து பார்த்தார்கள். ஆனால் நோன்பு மாதத்தில் பகலில் ஒரு வீட்டுக்குப் போனால் அங்கே தண்ணீர்ச் செம்பு இல்லையே, அடுப்பு எரியவில்லையே என்று எவருக்கும் தோன்றாது. எல்லார் வீட்டிலும் அப்படித்தான். வந்தவர்கள் உதடும் காய்ந்துதான் இருந்தது. அத்தாவின் வாயிலிருந்து வந்த வாடையைக்கூட, நோன்பாளி வாய் வாடை அல்லாஹ்வுக்குக் கஸ்தூரி என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது கஸ்தூரியாகத் தெரியவில்லை. அழுகின பழத்தை மூடி வைத்துத் திறந்தால் வருமே, அந்த மாதிரி.

சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து நோன்புக் கஞ்சி வாங்கி வருவேன். தூக்குவாளியோடு நான் போவதைத் தெருவே பார்த்திருக்கிறது. அத்தாவுக்கு என்று ஒரு கரண்டி கூடுதலாகவே ஊற்றுவார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு வாளியைக் கழுவிவைப்பேன்.

பாஸிலா ஒரு மதியம் பழனியிலிருந்து வந்தாள். அவளை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அறைக்குள் போனவள் வெளியே வந்து என் முகத்தையே பார்த்தாள்.

"அண்ணே, அத்தா என்ன இம்புட்டு ஒடுங்கிப் போயிட்டாக? நோன்பு வைக்க விட்டுட்டியா?"

"அவராத்தான் வச்சுக்கிறாரு. பகல்ல குடுத்தா வாயத் தெறக்க மாட்டேங்கிறாரு."

"சீக்காளிக்குக் கடமையே இல்ல. நான் பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டுட்டுத்தான் வந்துருக்கேன். அதுக்குப் பதிலா ஒரு ஏழைக்குச் சோறு குடுத்தாப் போதுமாம். நான் தண்ணி குடுக்கவா?"

புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும், டாக்டர் எனக்கு மட்டும்தான் கொடுக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்றேன். அது பொய். முன்னால் சொன்னதும் பொய்தான். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அத்தாவின் இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். நகத்தில் அழுக்கு இருந்தது, அதை அவள் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அவள் பேச்சை நான் தட்டவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிவாசல் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவருக்குத் தினமும் ஒரு வேளைச் சோறு வாங்கிக் கொடுத்தேன். அவர் சாப்பிடும்போது நான் திரும்பி நின்றுகொள்வேன், மீசையில் பருக்கை ஒட்டும். ஆகவே, அத்தா பெயரால் ஒரு வயிறு தினமும் நிறைந்தது. அந்தக் கணக்கில் நான் குறை வைக்கவில்லை.

கடைசி நாட்களில் தண்ணீரையும் நிறுத்தினேன். ஏனென்றால் மிச்சமிருந்தது மூத்திரம் ஒன்றுதான்.

அவர் தண்ணீர் கேட்கவில்லையா என்று நீங்கள் நேற்றும் கேட்டீர்கள், இன்றும் கேட்கிறீர்கள். கேட்கவில்லை சார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். நான் என்ன கல்லா? இடது கையால் எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டுவார், அது பழக்கம். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாக இருக்கும் என்று டம்ளரை எடுத்துவிட்டேன். அதற்கப்புறம் தட்டவில்லை. மீன்களைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடுவார். மீன்கள் அப்படிச் செய்வதைப் பார்த்துத் தானும் செய்து விளையாடுகிறார் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

பெருநாளுக்குக் கொஞ்சம் முன்னால் அவர் மவுத்தானார். கடையிலிருந்து வந்து பார்த்தேன், மூச்சு அடங்கியிருந்தது. விரிப்பு காலையில் போட்டது போலவே இருந்தது. ஒரு சொட்டுக் கறை இல்லை. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மய்யித்தை, அதாவது உடலை, குளிப்பாட்ட மைதீன்பிச்சை மாமு வந்தார், அத்தாவோடு தோல் வேலை பார்த்தவர். எங்கள் பக்கம் ஆண்களுக்கு அவர்தான் குளிப்பாட்டுவார். முறைப்படி மகன் என்கிற வகையில் நானும் நின்று தண்ணீர் ஊற்றினேன். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. குளிப்பாட்டும்போது மய்யித்தைக் கொஞ்சம் தூக்கி உட்கார்த்திய மாதிரிப் பிடித்து, மேலே போர்த்திய துணிக்கு அடியில் கையை விட்டு வயிற்றை மெல்ல அமுக்குவார்கள். உள்ளே தங்கியிருப்பது வெளியே வந்துவிட வேண்டும், சுற்றி அடக்குகிற கஃபன் துணியில் படக் கூடாது என்பதற்காக. எனக்குப் பயமாக இருந்தது. அந்த ஒன்றைத்தான் நான் அந்த மாதம் முழுக்கப் பார்க்காமல் தப்பித்திருந்தேன். மூக்கைச் சுருக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பினேன்.

மாமு அமுக்கினார். ஒன்றும் வரவில்லை. கையை இடம் மாற்றி இன்னொரு முறை அமுக்கினார். அவர் கை முதுகெலும்பில் போய் முட்டியதைப் போல நின்றது. ஈரத் துணியால் வாயைத் துடைக்க உதட்டை விலக்கினார். நாக்கு கறுத்து, சுருண்டு, அவரும் அத்தாவும் சேர்ந்து காயப்போட்ட தோல்களில் ஒன்றைப் போல இருந்தது. அவர் மறுபடியும் வயிற்றில் கையை வைத்தார்.

அவர் சிரமப்படுகிறாரே என்றுதான் நான் சொன்னேன். "ஒண்ணும் வராது மாமு. சுத்தமா வச்சிருந்தேன்."

அந்த ஒரு வாக்கியம் இல்லாவிட்டால் அத்தா அன்று மண்ணுக்குள் போயிருப்பார், நீங்களும் நானும் இப்படி எதிரெதிரே உட்கார்ந்திருக்க மாட்டோம். மாமு என்னைப் பார்த்தார். நான் அந்தத் தொட்டியில் செத்த மீனைப் பார்த்த மாதிரி ஒரு பார்வை. "ஏலே ஹாமிது, அந்தச் செம்பக் கீழ வையி" என்றார். "நீ ஊத்த வேணாம். அவருக்கு நீ ஊத்துன தண்ணி போதும்." வெளியே போய்ப் பாஸிலாவின் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அதற்கப்புறம் என்னை யாரும் கிட்டே விடவில்லை. பாஸிலா கதறிய கதறலில் தெருவே கூடிவிட்டது. மூக்கிலிருந்து வழிந்ததை அவள் துடைக்கக்கூட இல்லை.

ரஃபியாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று சொன்னீர்கள். என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறாளாம். எனக்கும் அவசரமில்லை. குழந்தை வளர்ந்து, தானே போய்க் கழுவிக்கொள்ளத் தெரிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். சோற்றை நிறுத்தியது நான், தண்ணீரை நிறுத்தியது நான், செத்துப்போவார் என்பது எனக்குத் தெரியும். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொடுமைப்படுத்தினேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அவருக்குப் பசிக்கவில்லை, தாகம் எடுக்கவில்லை. மீன்களைப் பார்த்துக்கொண்டு அமைதியாகப் போனார். அவர் ஏதாவது கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று நூறு தடவை சொல்லிவிட்டேன்.

திரையில் கீழ் மூலையில் ஒரு மங்கல் இருக்கிறது, அது என்ன என்று கேட்கிறீர்கள். அதுவா. நன்றாகத்தான் துடைத்தேன், போகவில்லை போலிருக்கிறது. மவுத்தாவதற்கு முந்தின நாள் மதியம் வந்து பார்த்தேன். இடது கையை ஊன்றி, எப்படித்தான் நகர்ந்தாரோ, கட்டில் விளிம்புவரை வந்து கன்னத்தைத் திரையில் ஒட்டிவைத்திருந்தார். குமிழ் கிளம்புகிற இடத்தில் நாக்கால் நக்கிக்கொண்டிருந்தார். எச்சில்கூட இல்லை, கண்ணாடியில் சொரசொரவென்று சத்தம் மட்டும் வந்தது. அவரைத் தள்ளிப் படுக்கவைத்துவிட்டு, திரையைத் துடைத்து, மேஜையைச் சுவரோரம் இழுத்துப் போட்டேன். கை நீட்டினால் எட்டாத தூரம். அவர் என்னையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பாவமாக இருந்தது. குனிந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகத்தான் சொன்னேன், "அது தண்ணி இல்லத்தா."